கேட்கும் தொலைவில் ஒரு கணப்பு

அடையாறில் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டுக்கொண்டு, கோத்தகிரியில் இருக்கும் ஒரு கணப்பு அடுப்பைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்தேன். அந்த அடுப்பை நேரில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் அப்பாவின் கைபேசி வழியாகப் பார்த்ததுதான்.

அம்மா இறந்த மறுவருஷம், அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் மகனோடு இருக்க வெளிநாடு போனார். அவருடைய மலைவீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு அப்பா போனார். ஆறு மாதம் முடிந்ததை இரண்டு பேருமே கவனிக்காததுபோல இருந்துவிட்டோம். தினமும் சாயங்காலம் பேசுவோம். சாப்பிட்டாச்சா, ஆச்சு, மழையா, மழைதான். அதற்கு மேல் என்ன பேசுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பேச்சு நின்றுபோகும் இடங்களை முன்பெல்லாம் அம்மா நிரப்பிவிடுவாள். "இங்க யாரும் வர்றதில்லம்மா," என்பதை மட்டும் அவர் அடிக்கடி சொல்வார். குறையாகச் சொல்லமாட்டார், மழை பெய்கிறது என்பது போலச் சொல்வார்.

ஐப்பசியில் அவருடைய மின்சார ஹீட்டர் கெட்டுப்போனது. "பக்கத்துல எல்லாரும் இரும்புச் சட்டியில கரி போட்டு ரூமுக்குள்ள வெச்சுக்கறாங்க. நானும் ஒண்ணு வாங்கிட்டேன்," என்றார்.

தொழிற்சாலைகளில் பாதுகாப்பு ஆய்வு செய்வது என் வேலை. மூடிய அறையில் கரித்தணல் என்ன செய்யும் என்று எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். கூட்டங்களில் நிதானமாகச் சொல்லும் அந்த வாக்கியங்கள் அன்று வரிசையாக வரவில்லை.

"சட்டியைத் தூக்கி வெளிய வைங்கப்பா. இப்பவே."

"வெளிய வெச்சா வெளிக்குத்தானே சூடு?"

"ஹால்ல கணப்பு இருக்கில்ல? புகைபோக்கியோட?"

"அது பூஜாடி வைக்கிற இடம்மா."

அந்தப் பூஜாடியை எடுத்ததிலிருந்து வேலை ஆரம்பமானது. அலுவலகத்தில் செய்வதுபோலவே பட்டியல் போட்டேன். புகைபோக்கி, அதன் கழுத்தில் திறந்து மூடும் இரும்புத் தகடு, அடுப்புத் தரையின் செங்கல், விறகு, பொறி தெறிக்காமல் முன்னால் வைக்கும் வலை, சாம்பல் வாளி, கடைசியாக வாயு எச்சரிக்கைக் கருவி. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு வேலை. பேச விஷயம் கிடைத்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும், நான் கூப்பிடுவதற்கு முன்னால் அவரே கூப்பிட ஆரம்பித்தார்.

வலையும் புகைபோக்கி தேய்க்கும் பிரஷும் வாங்க தி.நகரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தெற்கத்திக்காரர்.

"சமையல்கட்டு சிம்னிக்கா தாயி? அதுக்கு சர்வீஸ் ஆளு இருக்கான்லா?"

"இல்லைங்க. விறகு எரிக்கிற சிம்னி. குளிர் காயறதுக்கு."

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கடை ஆள் திரும்பிப் பார்த்தார். நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. "இன்னாக்கா, ஊட்டுக்குள்ள நெருப்பு வெச்சுக்கினு குந்தப் போறியா? இந்தக் கடையில வந்து ஒரு மணி நேரம் குந்து, போதும்."

சிரித்துவிட்டேன். அன்று முழுவதும் அலைபேசிக்கு வெளியே நான் யாரோடும் பேசியது அவ்வளவுதான் என்பது பேருந்தில் உட்கார்ந்த பிறகு தெரிந்தது.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் கூரையில் ஏறினார். முதலில் ஒரு பறவைக்கூடு விழுந்தது. பிறகு தார் போல இறுகிய கரி, கட்டி கட்டியாக. அதில் பொறி பட்டால் புகைபோக்கியே பற்றிக்கொள்ளும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் அடுப்புக்குள் முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டி, அதில் மேலே பார்த்தார்.

"வானம் தெரியுதாப்பா?"

"தெரியுது. மேகமும் தெரியுது. உங்க ஊர்ல இப்ப தெரியுமா?"

இரும்புத் தகட்டின் துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டோம். செங்கல் இடுக்குகளைப் பூசினோம். அடுப்புக்கு முன்னால் கிடந்த கம்பளத்தைச் சுருட்டி வைத்தார். சாம்பலுக்கு மூடியுள்ள இரும்பு வாளி வாங்கினார். பிளாஸ்டிக் வாளி போதாதா என்று ஒரு நாள் முழுக்க வாதாடிய பிறகுதான் வாங்கினார்.

விறகு வந்த அன்று, இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கச் சொன்னேன். காய்ந்த கட்டை கணீரென்று கேட்கும், ஈரக்கட்டை மொத்தென்று ஒலிக்கும். அவர் தட்டினார். முதல் ஜோடி எனக்கு இங்கே கணீரென்று கேட்டது. அடுத்தது மொத்தென்றது.

"எல்லாம் ஒரே மாதிரிதாம்மா கேக்குது," என்றார்.

அவருக்குப் பொறுமை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஈரக்கட்டைகளை நான் இங்கிருந்தே கேட்டுப் பிரித்தேன்.

கடைசியாக, ஆன்லைனில் வரவழைத்த வாயுக் கருவி. கைக்கு அடக்கமான வெள்ளைப் பெட்டி. சோதனைப் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். கைபேசியை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து அழுத்தினார். என் அறை முழுவதும் அந்த ஓசை கூர்மையாகப் பாய்ந்தது. கைபேசியைத் தள்ளிப் பிடித்தேன்.

அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமுக்கிட்டேன்மா. ஒண்ணும் வரல. டூப்ளிகேட்டை அனுப்பிட்டானா?"

அது அப்போதும் கத்திக்கொண்டிருந்தது.

வயதானால் காதிலிருந்து முதலில் போவது இப்படிப்பட்ட மெல்லிய, கூரிய ஓசைகள்தான். பேச்சு கேட்கும், இடி கேட்கும், கதவு மூடுவது கேட்கும். அதனால் ஒன்றும் போகவில்லை என்றே தோன்றும். விறகுக் கட்டைகள் நினைவுக்கு வந்தன. பிறகு அவர் அடிக்கடி சொல்லும் ஒன்றும் நினைவுக்கு வந்தது.

"அப்பா, போனை அங்கேயே வெச்சிட்டு, வாசல்ல போய் காலிங் பெல் அடிச்சிட்டு வாங்க."

"எதுக்கு?"

"போய்ட்டு வாங்களேன்."

காலியான நாற்காலி திரையில் தெரிந்தது. அந்த வீட்டு மணி, குருவி கத்துகிற மாதிரியான பழைய மணி. கீச் கீச்சென்று மூன்று தடவை தெளிவாகக் கேட்டது. அப்பா திரும்பி வந்தார்.

"பெல் ரிப்பேர் போலிருக்கு. அடிக்கவே இல்ல."

"அடிச்சுதுப்பா. எனக்குக் கேட்டுது. அந்தப் பெட்டியும் கத்திச்சு."

அவர் பெட்டியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப வந்திருக்காங்க," என்றார்.

காது மருத்துவருக்கு நாள் வாங்கினேன். ஓசைக்குப் பதில் விளக்கு மின்னி எச்சரிக்கும் கருவி ஒன்றைத் தேடினேன். அது வர நாளாகும் என்றார்கள். இங்கே வந்துவிடுங்கள் என்று ஒரு தடவை சொன்னேன். "உன் ஃபிளாட்டுல நீ ஆபீஸ் போனதும் நான் என்னம்மா பண்றது?" என்று கேட்டார். அதனால் ஒரு விதி வைத்தோம். காது கேட்கிற ஒருவர் இருக்கும்போது மட்டும் நெருப்பு மூட்டலாம். படுப்பதற்கு முன் அணைத்துவிட வேண்டும். ஜன்னல் இரண்டு விரல் அளவுக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் வேறு யார், போன் வழியாக நான்தான். வாசலில் ஒரு அட்டை தொங்கவிடச் சொன்னேன்: மணி வேண்டாம், கதவைப் பலமாகத் தட்டவும்.

முதல் நாள் புகை நேராக மேலே போனது. அப்பா பேப்பர் படித்தார், நான் அறிக்கை எழுதினேன். கைபேசி மேஜையில் சாய்ந்திருந்தது. என் திரையில் நெருப்பு எரிந்தது, என் கழுத்தில் வியர்த்தது. பேசாமல் ஒருவரோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்து எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பினேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், கதவை யாரோ தட்டுவது கேட்டது. அப்பா எழுந்து போனார். திரையில் நெருப்பு மட்டும் இருந்தது. பின்னாலிருந்து ஒரு வயதான குரல்: "என்ன சார், நாலு தடவை வந்தேன். ஊர்ல இல்லைன்னு நெனச்சேன்." நாற்காலி இழுபட்டது. டம்ளர் வைக்கும் சத்தம். அப்பா சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பு இங்கே தொலைபேசியில் வந்து நாளாயிற்று.

பிறகு அவர் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது.

"நீ வெச்சிடும்மா. இவருக்குக் காது நல்லா கேக்குமாம்."

"ஜன்னல்?"

"திறந்திருக்கு."

"படுக்கறதுக்கு முன்னாடி..."

"அணைச்சிட்டு ஃபோட்டோ அனுப்பறேன். போய் சாப்பிடு."

வைத்தேன். மின்விசிறியின் சத்தம் அப்போதுதான் கேட்டது. எழுந்து காலையில் வைத்த ரசத்தைச் சூடு பண்ணினேன். கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் திரை மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டு, அணைந்த அடுப்பின் படம் வரும்வரை மெதுவாகச் சாப்பிட்டேன்.