தேவசகாயம் அண்ணனும் சிங்க டீப்பாயும்

தாம்பரம் ஸ்டேஷனில் எட்டேகால் வண்டிக்காக நின்றிருந்தேன். ஒரு காலத்தில் என்னோடு மரச்சாமான் கடையில் வேலை பார்த்த மேஸ்திரி ஏழுமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சேதி தெரியுமா சார்? நம்ம தேவசகாயம் பூட்டாரு. காலைல எய்ந்து பல்லு வெளக்கிகினு இருந்தாராம், அப்டியே குந்திட்டாராம்" என்றார். வண்டி வந்தது, நான் ஏறவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்று ஒரு நிம்மதி. அடுத்த நிமிஷமே அதை நினைத்து உடம்பு கூசிப்போயிற்று. அந்த நிம்மதி ஏன் வந்தது என்று அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவரைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கு வந்தவர், பாட்டென்றால் முதல் குரல் கொடுத்தவர். திருவிருந்து நாளில் மட்டும் எல்லோரும் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வரிசையில் போகும்போது, அவர் வெளியே வந்து சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நிற்பார். பதினோரு வருஷம் அப்படி நின்றார். குடிக்கிறார் என்றார்கள். பெருங்களத்தூரில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றார்கள். அடக்கத்தன்றுகூடக் கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு பெரிய மனிதர்கள் அதைத்தான் மென்றுகொண்டிருந்தார்கள். குடியும் இல்லை, குடும்பமும் இல்லை. காரணம் ஒரு டீப்பாய்.

அறுபதுகளின் நடுவில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்தது எங்கள் கடை. அவர் விற்பனை, நான் டிராப்ட்ஸ்மேன், மேஜை நாற்காலிகளுக்குப் படம் வரைந்து அளவு போட்டுக் கொடுப்பவன். மாற்றலாகிப் போன ரயில்வே அதிகாரி ஒருவர் தன் வீட்டுப் பழைய சீமை டீப்பாய் ஒன்றை எங்கள் முதலாளி தலையில் கட்டிவிட்டுப் போனார். பழங்கால எகிப்து பாணியில் செய்தது. கால்கள் தாமரைத் தண்டுபோல இறங்கிச் சிங்கப் பாதத்தில் முடியும். பலகை விளிம்பில் சிறகு விரித்த சூரியன், நடுவில் பித்தளையில் ஒரு வண்டு. ஏழுமலை அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இன்னா சார் இது, கீய சிங்கம் கீது, மேல வண்டு குந்திகினு கீது. இதுல காபி குடிக்கிறதா, பயந்துகினு ஓடறதா?" என்று கேட்டார். முதலாளி அதே மாதிரி நாலு செய்யச் சொன்னார். ஒரே மாதத்தில் நாலும் போய்விட்டன. பிறகு புது வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் ஹாலில் ஓர் எகிப்து டீப்பாய் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது.

அவற்றில் பாதிக்கு மேல் விற்றவர் தேவசகாயம் அண்ணன்தான். வேதக்காரக் குடும்பம் என்றால், "பார்வோன் வீட்டு டீப்பாய் சார். மோசே உட்கார்ந்து காபி குடிக்க நேரமில்லாம கிளம்பிட்டார், நீங்க நிதானமா குடிங்க" என்பார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு பொய் வராது. குரோம்பேட்டை அம்மாள் ஒருவர் முழுக்கத் தேக்கா என்று கேட்டார். "மேல் பலகை தேக்கு, கால் வேங்கை. உள் சட்டம் சும்மா நாட்டு மரம்மா" என்றார் இவர். முதலாளி முறைத்தார். அந்த அம்மாள் போன பிறகு, "நாம சொல்லலேன்னா மழைக்காலம் சொல்லிடும் சார்" என்றார். சத்தியமாகவா என்று யாராவது கேட்டால் மட்டும் முகம் சுருங்கும். "வாயால சொன்னா போதாதா? எதுக்குக் கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டு அலைய வைக்கணும்?" என்பார். எங்கள் வீட்டில் அம்மா தலைமேல் ஒரு நாளைக்குப் பத்துச் சத்தியம் நடக்கும். எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

வண்டும் தாமரையும் சலித்துப்போய், முதலாளி புதிதாக ஏதாவது வரை என்றார். இங்குள்ள ஒரு கல்லூரி நூலகத்தில் தலையணை கனத்தில் ஓர் எகிப்துப் புத்தகம் இருந்தது. தெரிந்தவர் மூலம் போய்ப் புரட்டினேன். ஒரு படம் என்னைப் பிடித்துக்கொண்டது. நீளமாக, தாழ்வாக ஒரு பலகை. இரண்டு பக்கமும் இரண்டு சிங்கங்கள் உடம்பை நீட்டி அதைத் தாங்கி நிற்கின்றன. முன்னால் தலைகள், பின்னால் மேலே சுருண்ட வால்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: இறந்த அரசனின் உடலைக் கிடத்தும் கட்டில். படித்தேன். படித்துவிட்டு, தாம்பரத்தில் இதை எவன் கண்டான் என்று நினைத்துக்கொண்டே பென்சிலால் அளவெடுத்தேன்.

நீளத்தைக் குறைத்து, மேலே கண்ணாடி போட்டு, சிங்க டீப்பாய் தயாரானது. அண்ணன் அதைத் தடவிப் பார்த்து, "இது எதுக்கு வச்சிருந்தாங்க தம்பி? கேட்டா சொல்லணுமே" என்றார். "ராணி வீட்டுப் பழ மேஜை அண்ணா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, அப்படியே வந்துவிட்டது. அவரும் வருகிறவர்களிடமெல்லாம் ராணி வீட்டுப் பழ மேஜை என்றே சொல்லி விற்றார்.

அதில் ஒன்றைக் கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவர் மகள் கல்யாணச் சீரில் வைத்தார். பெண் செம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டாள். ஐந்தாம் மாதம் மாமனார் ஹாலில், அந்த டீப்பாய்க்குப் பக்கத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இறந்துபோனார். காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் சரித்திரம் படித்தவர். டீப்பாயைப் பார்த்துவிட்டு, இது எகிப்தில் பிணம் கிடத்துகிற கட்டில் மாதிரி அல்லவா இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். சீரோடு பாடையையும் கொண்டுவந்தவள் என்று மாமியார் அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்போது அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்.

அவளுடைய அப்பா கடைக்கு வந்து, முதலாளி முன்னால் நின்று அழுதார். கடையிலிருந்து யாராவது வந்து அது அப்படிப்பட்டது இல்லை என்று சொன்னால்தான் பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி, வரைஞ்சவன் நீ. என்ன அது?" உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் கதி என்ன என்று நினைத்துத்தான் மறைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. முதலாளி பக்கத்தில் நின்றார், என் வேலை போய்விடும் என்று பயந்தேன். "பழ மேஜைதான் அண்ணா, சத்தியமா" என்றேன்.

நானும் அவரும் செம்பாக்கம் போனோம். மாமியார் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். அண்ணன் பழ மேஜை என்றார். "கடைக்காரர் வேற என்ன சொல்வீங்க? நீங்க வேதக்காரர். உங்க வேதப் புஸ்தகத்து மேல கை வச்சுச் சொல்லுங்க. நான் நம்பறேன். நாளைக்கே மருமகளைக் கூட்டிட்டு வரேன்." "நான் சத்தியம் பண்றதில்லைம்மா" என்றார் இவர். "அப்ப உங்க மேஜையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றார் அந்த அம்மாள். பெண்ணின் அப்பா வேலி ஓரமாக நின்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். அவர் தோள்பையிலிருந்து சின்ன வேதாகமத்தை எடுத்தார். அதன்மேல் கை வைத்து, அது பழம் வைக்கிற மேஜை என்று சொன்னார். மறுநாளே பெண் செம்பாக்கம் திரும்பினாள்.

அதோடு விட்டிருந்தால் அவர் நிம்மதியாகவே இருந்திருப்பார். அந்த அம்மாளுக்கு மனதில் ஓர் ஓரத்தில் உறுத்தல் இருக்கும், புத்தகத்துப் படத்தையே காட்டிவிட்டால் தீர்ந்துபோகும் என்று, என்னிடம் சொல்லாமல் அண்ணன் ஒரு சனிக்கிழமை நூலகத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தவர் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். "படத்துக்குக் கீழ எழுதியிருக்கே. நீ படிக்கலையா?"

"படிச்சேன் அண்ணா."

திட்டுவார் என்று பார்த்தேன். "அப்ப நான் சொன்னது பொய்" என்றார். நாம் சொன்னது என்று திருத்தப் போனேன். "கை வச்சது நான்" என்று எழுந்துவிட்டார்.

பொய்யை மனதில் வைத்துக்கொண்டு அந்த அப்பத்தைத் தொடக் கூடாது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. அந்த மாதத்திலிருந்துதான் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார். கடையில், சிங்க டீப்பாயை இனி விற்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார், காரணம் சொல்லவில்லை. முதலாளி கோபத்தில் அவரைக் கிடங்குக்குத் தள்ளினார். வாய் ஓயாமல் பேசி விற்றவர் அங்கே பலகைகளுக்கு நடுவில் நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. செம்பாக்கம் போய் நானே சொல்லிவிடுகிறேன் அண்ணா என்றேன். "சொன்னா உனக்கு நிம்மதி. அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. அதற்குப் பின்னால் பதினோரு வருஷம் ஒளிந்துகொண்டேன். தெருவில் அவரைக் கண்டால் சைக்கிளை வேறு பக்கம் திருப்பியிருக்கிறேன். அவரோ, எதிரில் அகப்பட்டுக்கொண்டால் என் பிள்ளைகள் பெயரைச் சொல்லி விசாரிக்காமல் விடமாட்டார். அவர் என்னை வெறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடக்கத்துக்கு அந்தப் பெண் வந்திருந்தாள், தோளுயரம் வளர்ந்த மகனோடு. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாமியார் போய் நாலு வருஷம் ஆச்சு. இனிமே என்னை யாரும் அனுப்ப முடியாது. எழுதுங்க, என் பேரை மட்டும் போடாதீங்க" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போனவள் திரும்பி வந்து, "அவர்கிட்ட ஒருநாளாவது மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன்.

அடுத்த வாரம் போதகரைப் பார்த்து முழுவதையும் ஒப்புக்கொண்டேன். நான் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அவரை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன் சார். ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னார். சொல்லிடலாம் ஐயா, ஆனா அதைச் சொன்னா இன்னொருத்தர் பேரையும் சொல்லணும், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, இந்த ஊர்ல அவர் தலைநிமிர்ந்து நடக்கணும், அப்படின்னார்." 

அந்தப் பெண்ணுக்காக மட்டுமே அவர் வாய் மூடியிருந்தார் என்று அன்று வரை நம்பிக்கொண்டிருந்தேன். போதகர் மெதுவாகச் சொன்னார்: "தெரியாம செஞ்ச சத்தியம் அது. தெரிஞ்சிருந்தா நான் வெளியே சொல்லியிருக்கவும் மாட்டேன். அந்த இன்னொருத்தர் ஒருநாள் இந்த நாற்காலியில வந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அடுத்த திருவிருந்துக்கே நான் தேவசகாயத்தை உள்ளே கூட்டிட்டு வந்திருப்பேன்."

என் வீட்டிலிருந்து அந்த நாற்காலிக்குச் சைக்கிளில் பத்து நிமிஷம்.

அண்ணா, உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது என் பெயர்தான். உங்கள் பெயரை ஊர் வாயில் போட்டுவிட்டு, என் பெயரை ஒரு கறை படாமல் காப்பாற்றி வைத்திருந்தீர்கள். அதை இனியும் அப்படியே வைத்துக்கொண்டு திரிய எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிணம் கிடத்தும் கட்டில் என்று படித்துத் தெரிந்துகொண்டே அதைப் பழ மேஜை என்று சொன்னவன், உங்கள் கையை வேதப் புத்தகத்தின்மேல் வைக்கச் சொல்லித் தலையாட்டியவன், சிட்லபாக்கம் டிராப்ட்ஸ்மேன் கோவிந்தராஜன்.