எனக்கு மட்டும் அடிக்கிற குளிர்

போன வருடம் பங்குனி மாதம், ஹட்டனில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. என் அண்ணனின் கல்யாணம். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் குண்டு. பூசினாற்போல, வாட்டசாட்டமாக என்றெல்லாம் சுற்றிவளைக்க வேண்டாம், குண்டுதான். வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்து, இப்போது டீச்சராக இருக்கிறேன். அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கப் போகிறார். அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். அதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் "குளிரும்" என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். மற்றவர்களிடம் சொன்னால் குளிர். என்னிடம் சொன்னால், "கை தெரியுது, மூடு" என்று அர்த்தம். நான் பெரியபிள்ளையான நாளிலிருந்து இப்படித்தான். எங்கள் ஊர் குளிரான ஊர் என்பதால் கேட்பவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி அன்று வெயில் மண்டையைப் பிளக்கும். எல்லாப் பிள்ளைகளும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடும். அம்மா மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "குளிரும்மா, போட்டுக்க" என்பார். என்னுடைய பள்ளிக்கூடப் படம் ஒன்றில்கூட எனக்குக் கை இல்லை, நீல ஸ்வெட்டரின் கைதான் இருக்கிறது.

ஸ்வெட்டரோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பெரிய பூப் போட்ட துணி கூடாது. குறுக்குக் கோடு கூடவே கூடாது. வெளிர் நிறத்தை நினைத்தும் பார்க்கக் கூடாது. ஒருமுறை ஜீன்ஸ் வேண்டும் என்று கேட்டதற்கு, என் பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்தச் சட்டமெல்லாம் எங்கே எழுதி வைத்திருக்கிறார்களோ தெரியாது, ஆனால் ஊருக்கே மனப்பாடம். தலவாக்கலையில் கடைக்குப் போனால் துணி காட்டும் பெண் நான் வாய் திறக்கும் முன்பே கறுப்பையும் கத்தரிப்பூ நிறத்தையும் எடுத்துப் போடுகிறாள். எனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்திகூடக் கேட்டதில்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் தங்கை பெண்ணுக்குப் பின்னால் விளக்கேந்தி நிற்பது எங்கள் வழக்கம். நாத்தனார் விளக்கு என்பார்கள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டையும் அவள்தான் போட வேண்டும். அண்ணனுக்கு நான் ஒரே தங்கை. அதற்காகவே ஆசைப்பட்டு எலுமிச்சம்பழ மஞ்சளில் ஒரு பட்டுச் சாரி எடுத்தேன். ஜாக்கெட்டுக்குக் குட்டைக் கை. தையல்காரர் அளவெடுத்துவிட்டு, கையை முழங்கை வரைக்கும் இறக்கட்டுமா, உங்களுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும் என்றார். வேண்டாம் என்றேன். துணியை வாங்கிக்கொள்ளும்போது மறுபடி கேட்டார். உடுத்தப்போகிற எனக்கு இல்லாத கவலை அவருக்கு.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் பெரியம்மா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் அக்கா, எங்கள் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். ஆல்பம் காலத்துக்கும் நிற்கிற விஷயம், அதனால் தன் மகள் விளக்கைப் பிடிக்கட்டும், நான் பந்தியைக் கவனிக்கலாம் என்றார். அவர் மகள் கொடி மாதிரி இருப்பாள். வேறு யாராவது அந்த விளக்கைத் தொட்டால் நான் மண்டபத்துக்கே வர மாட்டேன் என்றேன். அதுவரை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து, "அவளே புடிக்கட்டும் பெரியம்மா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே என் பக்கம் திரும்பி, "நீ ஒரு சால்வையாவது போத்திக்க" என்றான். அந்தப் பெருமை அத்தோடு போயிற்று.

நான் போர்த்திக்கொள்ளவில்லை. மஞ்சள் சாரியும் குட்டைக் கையுமாக மணவறைக்கு ஏறினேன். மண்டபத்தில் அவ்வளவு சனம். ஓமப்புகையும் கெமராக்காரர்களின் லைட்டும் சேர்ந்து ஐயருக்கே வியர்வை ஊற்றியது. நான் இரண்டு கையாலும் விளக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணிக்குப் பின்னால் நின்றேன். கெமராக்காரர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கை காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கெட்டிமேளம் தொடங்கியது. அண்ணன் தாலியை எடுத்து அண்ணியின் கழுத்துப் பக்கம் கொண்டுபோன அதே நேரம், பின்னாலிருந்து யாரோ என் தோளில் ஒரு கறுப்புச் சால்வையைப் போட்டு, இரண்டு கையையும் மூடி இழுத்துவிட்டார்கள். பெரியம்மா. "குளிரும்மா" என்று காதில் சொன்னார். கையில் விளக்கை வைத்துக்கொண்டு நான் எப்படித் தள்ளிவிடுவது? தோளைக் குலுக்கிப் பார்த்தேன். வழுக்குகிற நைலோன் துணி அது. ஒரு முனை சரிந்து நேராகத் திரியில் விழுந்தது.

பற்றியது தெரியவில்லை, சுட்டதுதான் தெரிந்தது. துணி உருகி இடது கையில் ஒட்டிக்கொண்டது. கத்தினேன். கெட்டிமேளம் அடிப்பதே அபசகுனமாக எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே, என் சத்தமும் யார் காதிலும் விழவில்லை. கீழே இருந்தவர்கள் அட்சதையைத் தூவிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டைக் கீழே போடவில்லை. கை எரிகிறது, ஆனாலும் போடவில்லை. விளக்கு விழுந்தால் அண்ணனின் வாழ்க்கைக்கு ஆகாது, காலம் முழுக்க என்னைத்தான் சொல்வார்கள் என்று அந்த நேரத்திலும் மனம் கணக்குப் போட்டது.

திரும்பிப் பார்த்தவர் அண்ணி. ராகலை ஊர்ப் பெண். பேசி முடித்த கல்யாணம், அதுவரை என்னோடு நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மாலையும் கழுத்துமாக எழுந்து, வெறும் கையால் அந்தச் சால்வையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டு மிதித்தார். பாதி சுற்றிய தாலியைக் கையில் பிடித்தபடி அண்ணன் விழித்துக்கொண்டு நின்றான். யாரோ தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினார்கள். பெரியம்மாவின் மகள் விளக்கை வாங்க வந்தாள். அண்ணி அவளைத் தடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"விளக்கு அணையல. நீங்களே புடிங்க."

பிடித்தேன். அண்ணன் முதல் முடிச்சைப் போட்டதும், விளக்கைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் நான் போட்டேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. ஒரு விபத்து, கடவுள் காப்பாற்றினார் என்று விட்டிருப்பேன். ஆனால் பந்தியில் நடந்ததைக் கேளுங்கள். அந்த உடம்புக்கு மணவறையில் இடம் ஏது, அதனால்தான் இடித்துக்கொண்டு பற்றியிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அப்போதே மெலிந்தவளை நிறுத்தியிருக்கலாம் என்று இன்னொருவர். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லதுக்குத்தானே போர்த்தினேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நெருப்பு பிடித்தது என் உடம்பில் இல்லை, அதை மறைக்கப் போட்ட துணியில் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது அம்மா வந்தார். கையில் ஒரு ஸ்வெட்டர். யாரிடம் இரவல் வாங்கினாரோ. காயம் அசிங்கமாகத் தெரிகிறது, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று மெல்லச் சொல்லிவிட்டு, "குளிரும்மா, போட்டுக்க" என்றார்.

தோல் உரிந்து எரிகிற கைக்கு ஸ்வெட்டர். எனக்கு என்ன வந்ததென்று தெரியாது, எழுந்து நின்றுவிட்டேன். வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை.

"எனக்குக் குளிரலம்மா. எனக்கு ஒரு நாளும் குளிருனதே இல்ல. என்னயப் பாக்க உங்களுக்கு வெக்கமா இருக்கு, அத வாயத் தொறந்து சொல்லுங்க."

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அம்மா ஸ்வெட்டரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகுதான் சொன்னார்.

"ஊரு பேசும்னு பயந்தேன்மா. என் முன்னாடியே உன்னயப் பேசுனாங்கன்னா என்னால தாங்க முடியாது."

ஊர் என்னை எப்படிப் பேசினாலும் தாங்கிக்கொள்வேன், நீங்கள் மூடியதைத்தான் தாங்க முடியவில்லை என்று சொல்ல வந்தேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. அம்மாவும் அழுதார். அன்றைக்கு எங்கள் இலையில் வைத்த சோறு அப்படியே கிடந்தது.

காயம் ஆறித் தழும்பாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் குட்டைக் கை ஜாக்கெட்தான் போடுகிறேன். அம்மா இப்போது ஒன்றும் சொல்வதில்லை. பெரியம்மா தழும்பை மறைக்க ஏதோ கிரீம் வாங்கிக் கொடுத்தார், அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னைப் பார்த்து யாராவது ஒருத்தி தனக்குப் பிடித்த நிறத்தில் துணி எடுத்தால் சந்தோஷம்தான். ஆனால் எனக்குள் இருக்கிற கோபம் அதற்கெல்லாம் அடங்குகிற கோபம் இல்லை. கை பற்றி எரிந்த நேரத்தில்கூட, மற்றவர்கள் என்னை என்ன சொல்வார்களோ என்று பயந்து அசையாமல் நின்றேனே, அப்படி நிற்க என்னைப் பழக்கிவிட்டவர்கள் எல்லாரும் என்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.