முகத்தைக் காட்டினாத்தான் சோறாம்

இன்னைக்கு மத்தியானம் பாலிங் பஸ் ஸ்டேசன்ல ஒரு சண்டை போட்டேன்.

அங்க ரெண்டு மாசமா ஒரு அக்கா படுத்துக் கிடக்கிறாங்க. எஸ்டேட் வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும் போக்கிடம் இல்ல. மகளுக்கு ஜொகூர்ல வேலை. அம்மா இப்படி இருக்கறது அவளுக்குத் தெரியாது.

ஓர் உதவிக் குழு வந்துச்சு. ஒரே கலர் டீசர்ட், பெரிய பேனர், நாசி சோத்துப் பொட்டலம். அக்கா முகத்தைத் துண்டால மூடிக்கிட்டுக் கை நீட்டினாங்க.

"துண்டை எடுங்கக்கா, போட்டோ எடுக்கணும்."

"வேணாம் தம்பி, என் மக ஃபேஸ்புக்ல பாத்துடுவா."

"அப்படின்னா வேற ஆளுக்குக் கொடுக்கிறோம் லா."

கையில கொடுத்த பொட்டலத்தைப் பிடுங்கிட்டான்!

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "சோறு போட வந்தியா, படம் பிடிக்க வந்தியா?"

"ஸ்பான்சருக்கு ஆதாரம் வேணும் சிஸ்டர்."

"பொட்டலத்தைப் படம் எடு. அவங்க மூஞ்சி எதுக்கு?"

பேனரைச் சுருட்டிக்கிட்டு வேன்ல ஏறிட்டாங்க.

அக்காவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். சாப்பிட்டு முடிச்சு மெதுவா கேட்டாங்க, "குளிக்க ஓர் இடம் கிடைக்குமாம்மா? கதவுல தாழ்ப்பாள் இருந்தாப் போதும்."

இதுவரைக்கும் வந்த எந்தக் குழுவும் என்ன வேணும்னு கேட்டதே இல்லையாம்.

இப்ப எங்க வீட்டுல குளிச்சிட்டு இருக்காங்க. ராத்திரி இங்கதான் தங்கறாங்க. நாளைக்கு என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல.

குழு பேஜ்ல படமெல்லாம் ஏத்தியாச்சு. "அன்போடு பசியாற்றினோம்"னு தலைப்பு வேற. நடந்ததைக் கீழ எழுதினேன், ரெண்டே நிமிசத்துல என்னை பிளாக் பண்ணிட்டாங்க.

இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது இப்படி உதவிக் குழு வச்சிருந்தா சொல்லுங்க. உங்க போட்டோவுல இருக்கறவங்க என்ன கேட்டாங்க?