ஓட்டின் மேல் ஒரு பல்

1998 மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு நாகர்கோவில் வடசேரியில் நானும் என் பத்து வயது மகள் வித்யாவும் பஸ் ஏறினோம். எனக்குப் பதினைந்து ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட். திருவனந்தபுரம் கரமனையில் அக்கா வீட்டில் பலகாரம், பிறகு அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பொன்முடி மலை, மறுநாள் வீடு. இதுதான் திட்டம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. "குழந்தை பத்திரம்" என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதாது என்பது அவள் அனுபவம்.

வழியெல்லாம் வித்யா, ஆடிக்கொண்டிருந்த கோரைப்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே வந்தாள். நெய்யாற்றின்கரையில் கண்டக்டருக்குக்கூட ஆட்டிக் காட்டினாள்.

7.40. கரமனையில் இறங்கி ஐந்து நிமிஷ நடை. அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், வாசலில் நின்றிருந்தார். செகரட்டேரியட்டில் ரிடையர் ஆனவர்.

"அத்திம்பேர், என் பல் ஆடறது பாருங்கோ!" என்று ஓடியவள் கல் படியில் தடுக்கி முகம் குப்புற விழுந்தாள். வாயெல்லாம் ரத்தம். படியில் ஒரு பல்.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். "பயப்படாதேடி, ஆடின பல்தானே! நன்னா முளைக்கும்" என்று அத்திம்பேர் பல்லை எடுத்து, வழக்கப்படி ஓட்டின் மேல் எறிந்தார். விழுந்த பால் பல்லைச் சாணியில் உருட்டிக் கூரையில் போட வேண்டும் என்பார்கள். கைக்கருகில் சாணி இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

வாயைக் கொப்பளிக்க வைத்துப் பார்த்த அக்கா அலறினாள். "ஏன்னா, கோரைப்பல் அப்படியே இருக்கு! விழுந்தது முன்பல்! அது பால் பல் விழுந்து முளைச்ச பல்லுன்னா, இனிமே வராது!"

அத்திம்பேர் முகம் சுண்டிப்போய்விட்டது. ஊரில் இவள் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

8.00. அக்காவுக்குத் தெரிந்த பல் டாக்டர் தைக்காட்டில் இருந்தார். மார்த்தாண்டத்துக்காரம்மா. வீட்டின் கீழ்த்தளத்திலேயே கிளினிக். போனில் நான் சொல்லி முடிக்கும் முன், "பல்லு எங்க?" என்றார்.

"ஓட்டு மேலே."

"எடுத்துட்டு வாங்க. திருப்பி வச்சிரலாம். வேர தொடப்பிடாது, வெள்ளப் பாகத்தத்தான் பிடிக்கணும். தேய்ச்சுக் கழுவப்பிடாது. ஆறுன பாலுல போட்டுக் கொண்டாங்க. ஒரு மணிக்கூறு தாண்டினா எனக்கு உறுதி சொல்ல ஒக்காது, கேட்டியளா?"

பக்கத்து வீட்டில் ஏணி வாங்கினோம். நான் கால் வைப்பதற்குள் அத்திம்பேர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். வயது அறுபத்திரண்டு. "எறிஞ்சவன் நானாக்கும். எடுக்கவேண்டியதும் நான்தான். நீ ஏணியைப் பிடி."

ஓட்டில் பல் இல்லை. மழைத்தண்ணீர் வடியும் இறவாணத்துத் தகரப் பாத்தியில் மாவிலைச் சருகை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். இருபது நிமிஷம். நான் ஏணியைப் பிடித்தபடி மணி பார்த்துக்கொண்டிருந்தேன். "கிட்டியாச்சு!" என்று குரல் வந்தபோது அக்கா பால் டம்ளரோடு தயாராக இருந்தாள்.

8.30. ஆட்டோ டிரைவர் டம்ளரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "சாரே, வேகம் போணுமா, பால் சிந்தாம போணுமா? ரண்டும் கூட நடக்காது."

"வேகம்" என்றேன். மூன்று கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். பாலில் பாதி என் சட்டையில்.

டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லை இருந்த இடத்தில் வைத்து, இரண்டு பக்கப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார். பல் உள்ளே போன நொடியில் நான் மணி பார்த்தேன். எட்டே முக்கால். விழுந்து சரியாக ஒரு மணி நேரம்.

"பிடிக்குமா, டாக்டர்?"

"பத்து நாளு கழிச்சுப் பாப்போம். கடிக்கிற சாமானம் ஒண்ணும் குடுக்கப்பிடாது."

பீஸ் நூற்றைம்பது ரூபாய். பொன்முடி போகவில்லை. அக்கா வீட்டுக்குத் திரும்பி, ஊருக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். மனைவி முதலில் டாக்டர் சொன்னதையெல்லாம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, "எந்தப் புத்திசாலி பல்லைக் கூரையில எறிஞ்சது?" என்றாள்.

எதிரே அத்திம்பேர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "நான்தான்" என்றேன். சந்தேகமே இல்லாமல் நம்பினாள்.

பத்து நாளும் கரமனையிலேயே தங்கினோம். வித்யாவுக்குக் குழைந்த மோர் சாதம். அவளுக்குத் துணையாக அத்திம்பேருக்கும் அதுவே. அப்பளம் பொரிக்கும் வாசனை வந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பதினோராம் நாள் காலை டாக்டர் கம்பியைப் பிரித்தார். விரலால் அசைத்துப் பார்த்தார். "பிடிச்சிட்டு. பின்னால வேருக்கு வைத்தியம் வேண்டி வந்தாலும் வரும், மாசாமாசம் காட்டுங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்கு மொட்டை மாடி. அங்கே எறிந்திருந்தால் இரண்டு எட்டில் ஏறி எடுத்திருக்கலாம். ஆனால் ஏணியில் ஏற ஓர் அத்திம்பேர் அங்கே கிடையாது.

பகல் இரண்டு மணி. பையோடு வாசலுக்கு வந்தோம். படியிறங்கும்போது வித்யா நின்று வாயில் கைவிட்டாள். கோரைப்பல் விழுந்துவிட்டது.

"இது நெஜமாவே பால் பல், அத்திம்பேர். எறியுங்கோ" என்று நீட்டினாள்.

அத்திம்பேர் அதை வெள்ளைப் பாகத்தில் மட்டும் பிடித்து வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அடியே, ஒரு டம்ளர் பால் கொண்டு வா. டாக்டருக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுண்டு எறியறேன்."