வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி

வண்ணார்பேட்டையில் நான் வண்டி ஓட்டும் டிவி கடையில், சுடலைவடிவு அக்கா 'சரி' என்று சொல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. கடைக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டிய அறை ஒன்று உண்டு. அங்கே வைத்து சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக ஓடவிடுவாள். எங்காவது ஒரு புள்ளி நிறம் மாறாமல் செத்துக் கிடந்தால் கண்டுபிடித்துவிடுவாள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால்தான் பார்ப்பாள். ரெண்டையும் திறந்து பார்த்தால் ஒன்றை ஒன்று ஏமாற்றும் என்பது அவள் கணக்கு.

அவள் சரி சொன்ன பிறகுதான் வாங்கினவர்கள் டிவிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாம். பொட்டு வைத்த டிவியை எங்கள் முதலாளி திரும்ப எடுக்கவே மாட்டார். அவரிடம் சண்டை போட்டுத் தோற்றவர்கள் உவரி வரைக்கும் இருக்கிறார்கள்.

முதலாளி பெயர் சங்கிலிபூதத்தான். எல்லோருக்கும் அண்ணாச்சி. வாய் சும்மா இருக்காது. "எங்க வடிவு கண்ணு கழுகுக் கண்ணு, பாத்துக்கிடுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். "மனுசன் சொல்லிச் சொல்லியே கண்ணு போடுதாரு" என்று அக்கா என்னிடம் முணுமுணுப்பாள். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். புருஷன் போன பிறகு இந்த வேலையை நம்பித்தான் மகள் சுகன்யாவைக் காலேஜுக்கு அனுப்புகிறாள்.

போன ஆவணியில் நாங்குநேரி பெருமாள்ராஜ், மகள் சீருக்கு டிவி எடுக்க வந்தார். கூடவே நாலைந்து பெண்கள், தட்டில் சந்தனம். ராகுகாலம் பிறக்கும் முன்னே பொட்டு வைத்தாக வேண்டும் என்று பறந்தார்கள். வெள்ளை ஓடும்போது அக்கா கையைத் தூக்கினாள்.

"நடுவுல கறுப்பா ஒரு புள்ளி. வேற எடுங்க."

வேறு பெட்டி பிரித்தோம். அதிலும் புள்ளி என்றாள். அடுத்ததிலும்.

"என்ன அண்ணாச்சி, கடை பூரா பழுதை வச்சிக்கிட்டு யாவாரம் பண்ணுதியளா?" என்று பெருமாள்ராஜ் எகிறினார்.

அண்ணாச்சி திரையில் மூக்கு உரசப் போய்ப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு மண்ணும் இல்லை.

"ஏ பிள்ள, எங்கன இருக்கு?"

அக்கா விரலை நீட்டினாள். பைய முகத்தைத் திருப்பினாள். விரலும் கூடவே வந்து சுவரில் நின்றது. பிறகு வலது கண்ணை மூடி, இடது கண்ணால் திரையைப் பார்த்தாள்.

"பொட்டு வைங்க. டிவி நல்லாத்தான் இருக்கு."

அவர்கள் குலவை போட்டுப் பொட்டு வைத்தார்கள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பலேருந்துக்கா?" என்றேன்.

"சித்திரையிலயே லேசா பொகை மாதிரி வந்துட்டுப் போகும். இன்னைக்குத்தான் அசையாம நிக்கி. அண்ணாச்சி கண்ணு பட்டுட்டுன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மிளகா சுத்திப் போட்டேன்லே. அடுப்புல போட்டா கமறவே இல்ல. அப்பம் திருஷ்டிதானே?"

எனக்கு வந்த கோபத்தில், "டிவிக்கு அஞ்சு கலர் ஓட்டிப் பாக்கத் தெரியுது, கண்ணுக்கு மிளகாயா?" என்று கத்திவிட்டேன்.

அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலது விழித்திரையின் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் நல்ல பார்வை கிடைத்திருக்கும், இனி ஆபரேஷன் செய்தாலும் பழையபடி வராது என்று சொல்லிவிட்டார். வண்டியில் திரும்பும்போது அக்கா தேம்பித் தேம்பி அழுதாள்.

"லே எபனேசர், அண்ணாச்சி என்னை வேலைய விட்டு நிப்பாட்டிருவாரோ? பிள்ளைக்குப் படிப்பு முடியலியேடா."

அண்ணாச்சி நிப்பாட்டவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்தவளைத் திரும்பவும் கறுப்புத் துணி அறைக்கே அனுப்பினார். இப்போது வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்க்கிறாள். முன்னைவிட நேரம் எடுக்கும்.

முதல் நாளே உவரிக்காரர் ஒருவர் பொறுமை இழந்து, "இந்தம்மா பாத்தா சரியா இருக்குமா?" என்று கேட்டார். அண்ணாச்சிக்கு வாய் துறுதுறுத்தது.

"எங்க வடிவு கண்ணு இருக்கே..."

துணியை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், கண்ணைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லாதிய. இருக்கது இது ஒண்ணுதான்."