அண்ணியின் நாற்காலி

அவளை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் கொழுந்தன் கூப்பிட்டது, அவள் வேலை பார்த்த பால் பண்ணை ஆபீஸ் வரை பரவியிருந்தது. அங்கே அவளுக்கு ஒரே வேலை. பாலைச் சோதிக்கும் கருவி காட்டும் கொழுப்பு அளவுகளை, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வைத்து, நடுவே காற்புள்ளி போட்டு, ஒரே வரியாகத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் கொழுந்தன் கம்ப்யூட்டர் படித்தான்.

"எப்படிப் பண்றீங்கன்னு காட்டுங்க அண்ணி, பைத்தான்ல ஒரு ப்ரோகிராம் எழுதித் தர்றேன், கம்ப்யூட்டரே பண்ணிடும். உங்க விரலாவது பிழைக்கட்டும்" என்றான் ஒருநாள்.

அவள் பூரித்துப்போய் எல்லாம் காட்டிக்கொடுத்தாள். நிரல் முதலில் முரண்டு பிடித்தது. எண்களை எழுத்து வகைக்கு மாற்றாமலே அவன் ஒரே வரியாகக் கோக்கப் பார்த்திருந்தான்; கம்ப்யூட்டர் அதை ஏற்கவில்லை. திருத்தியதும், காலை முழுக்க அவள் செய்கிற வேலை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அவள் கைதட்டினாள்.

மறுநாள் அவளுக்கு முன்பே அவன் முதலாளியின் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"உங்க கொழுந்தன் கெட்டிக்காரன்மா. இனி அவரே பாத்துப்பார். நீங்க வீட்டைப் பாருங்க" என்றார் முதலாளி.

அவள் கொழுந்தனைப் பார்த்தாள்.

"முறைக்காதீங்க அண்ணி, சம்பளம் நம்ம வீட்டுக்குத்தானே வரப்போவுது?" என்றவன், அவளுடைய நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டே, "மத்தியானம் சாப்பாட்டைச் சூடா கொண்டாந்துடுங்க" என்றான்.