யாருக்கும் வாய்க்காத காப்புரிமை

இத்தாலியில், பலெர்மோ துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கைபேசியில் இத்தாலியன் படிப்பிக்கிற செயலி ஒன்றை நடத்தினோம். முதலாளி இந்த ஊர்க்காரர். முதுகில் தட்டித் தட்டியே வேலை வாங்குகிறவர். நிரல் எழுதுகிறவர்களில் நான் ஒருத்திதான் பெண், ஒருத்திதான் தமிழ்.

எங்கள் சனத்தில் பாதிப்பேர் இத்தாலிய எசமானிகளான சிஞ்ஞோராக்களின் வீடுகளில் வேலை செய்கிறார்கள். பேருந்தில் போய்வரும்போதுதான் அவர்களுக்குப் படிக்க நேரம். சிக்னல் அறுந்தால் எங்கள் செயலி பாடத்தை முதலிலிருந்து தொடங்கும். "மூண்டு கிழமையா நான் 'போன் ஜோர்னோ'வைத் தாண்டேல்லை" என்று, முதற்பாடத்தின் காலை வணக்கத்திலேயே நின்ற மச்சாள் ஒருநாள் கைபேசியைக் கட்டிலில் எறிந்தாள்.

அந்தக் கோபத்தில்தான் நான் அதை எழுதினேன். பாடத்தைச் சின்னத் துண்டுகளாக உடைத்தேன். ஒருவர் எங்கே பிழை விடுகிறார் என்று பார்த்து, அடுத்து அவருக்குத் தேவைப்படப்போகும் துண்டுகளைச் செயலி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். சிக்னல் போனாலும் பாடம் நிற்காது.

ஆட்களைச் சேர்க்க வேண்டும், வெளியே போய்க் காட்டு என்றார் முதலாளி. பல்லரோ சந்தையில் மீன்கடையில் வேலை செய்த ஒருவர், ஞாயிறுகளில் எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்தார். வன்னியில் கணக்குப் படிப்பித்தவர்; எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அவர் வகுப்பு வைக்கும் மண்டபத்தில், தாய்மாரும் வந்தவன் போனவனும் பார்த்திருக்க, செயலியைச் சுவரில் போட்டுக் காட்டினேன். மாஸ்டர் விடவில்லை.

"அடுத்த துண்டு எதெண்டு அதுக்கு எப்பிடித் தெரியும், தங்கச்சி?"

கேட்டது பிடித்திருந்தது. கரும்பலகையில் கீறியே விளங்கப்படுத்தினேன். யாரோ அதை வீடியோ எடுத்து அன்றைக்கே முகநூலில் போட்டார்கள்.

அடுத்த வருடம் மாஸ்டர் பிள்ளைகள் படிக்கச் சொந்தமாக ஒரு இணையத்தளம் தொடங்கினார். கத்தானியா நகரத்தில் ஒரு பெடியனைப் பிடித்துச் செய்வித்திருந்தார். திறந்து பார்த்தேன். நான் கரும்பலகையில் கீறியது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கோயிலில் கண்டபோது, "நல்லாப் போகுது" என்று தானே சொல்லிச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

அதே நாட்களில் முதலாளி அலுவலகத்தில் ஒரு வைன் போத்தல் திறந்தார். எங்கள் முறைக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டதாம். திரையில் போட்டுக் காட்டினார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் மட்டும் இருந்தது.

"இதை எழுதினது நான்" என்றேன்.

"நீ எழுதியது நிரல். யோசனை நிறுவனத்துடையது" என்றார். "முதலீட்டாளர்களுக்கு ஒரு முகம் வேணும், என் அன்பே. குடி."

நான் குடிக்கவில்லை. மற்றவர்கள் குடித்தார்கள்.

பிறகு மாஸ்டரின் தளம் முதலாளியின் கண்ணிலும் பட்டது. மிலானோவிலிருந்து ஒரு வக்கீலம்மாவை அமர்த்தினார். தளத்தை மூடு, இல்லாவிட்டால் வழக்கு என்று மாஸ்டருக்கு அறிவித்தல் போனது. அன்று பின்னேரமே மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். கதவுக்குள் கால் வைக்க முன்னமே கத்தத் தொடங்கினார்.

"என்னட்டை பத்தென்தே இல்லையாம் எண்டு வழக்குப் போடுறாங்களாம்! நான் கார் ஓட்டுறேல்லை எண்டு உனக்குத் தெரியாதோ?"

"பத்தென்தே எண்டால் சாரதி லைசென்ஸ், மாஸ்டர். இது பிரெவெத்தோ, காப்புரிமை. நான் செய்ததை நீங்கள் எடுத்துப் போட்டிருக்கிறியள் எண்டு சொல்லுகினம்."

"பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதுக்கு உரிமை கேக்கிறியோ? வெள்ளைக்காரனுக்கு உளவு பாக்கத்தான் வகுப்புக்கு வந்தனியோ?"

"என்னைக் கேளாமல் எடுத்தது நீங்கள்!"

"நீதானே கீறிக் காட்டினனி!"

என் கணவர் எழும்பி வந்து அவரை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். படியிறங்கும்வரை அவருடைய குரல் கேட்டது. அந்தக் கிழமை முடிய முன்னமே கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. வகுப்புக்கு வந்த தாய்மார் கடையில் என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போனார்கள்.

வக்கீலம்மா பலெர்மோவுக்கு வந்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். நிரலுக்கென்று நேரடியாக இங்கே காப்புரிமை கொடுக்கமாட்டார்கள், அதனால் அதை ஒரு தொழில்நுட்ப முறையாக எழுதி வாங்கியிருக்கிறோம் என்று அவர் விளக்கினார். நான் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்தினால் போதுமாம்: விண்ணப்பிக்க முன்னர் வெளியாட்கள் யாருக்கும் அது தெரியாது.

"தெரியும். ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு நானே காட்டினேன்."

"மேலோட்டமாகத்தானே?"

"இல்லை. எப்படி வேலை செய்யுது என்று கீறிக் காட்டினேன். விண்ணப்பத்துக்கு முதலே. வீடியோ இப்பவும் முகநூலில் கிடக்கு."

அவர் முதலாளியைப் பார்த்தார். "இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

முதலாளி மேசையில் அடித்தார். "இவளுடைய ஆட்கள் அவர்கள்! வேண்டுமென்று செய்கிறாள்!"

"போய்க் காட்டு என்று அனுப்பினது நீங்கள்" என்றேன். "உங்களுக்காகவும் பொய் சொல்லமாட்டன், அவருக்காகவும் சொல்லமாட்டன்."

முன்பே ஊருக்குக் காட்டிய ஒன்றில் உரிமை கொண்டாட முடியாது என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். வழக்கு போடப்படவில்லை. என்னுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் இல்லை. கடைசி நாள் முதலாளி அறைக் கதவைத் திறக்கவேயில்லை.

அந்த முறையில் இனி எனக்கும் உரிமை கேட்க வழியில்லை என்று அன்று பேருந்தில் வரும்போதுதான் முழுதாக உறைத்தது. அழுகை வரவில்லை. இருவர் மேலும் இருந்த ஆத்திரம் ஒரு பிடி குறையவில்லை.

மாஸ்டரோ, பெரிய நிறுவனத்தைத் தனியாக மடக்கிவிட்டதாகச் சொல்லித் திரிந்தார். நான் சொன்னதால்தான் வழக்கு நின்றது என்று தெரிந்தவர்கள் சொன்னபோதும், "தப்பிறதுக்காக மாறிக் கதைச்சிருப்பாள்" என்றாராம்.

நான் தொரினோ நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிய பிறகு, ஒருநாள் அவருடைய அழைப்பு வந்தது.

"தங்கச்சி, தளம் திறக்குதில்லை. கத்தானியாப் பெடியன் ஜேர்மனிக்குப் போட்டான். நீர் ஒருக்கால் பாப்பீரோ?"

"மாட்டன்."

"பிள்ளையளின்ரை படிப்பு, தங்கச்சி."

"வேறை ஆளைப் பிடியுங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பக்கத்தில் இருந்த மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் திரும்பி வேலையில் குந்தினேன்.